பட்டியலில் பதினொன்றாவது

அந்தப் பட்டியலை என் கையால்தான் எழுதினேன். காலாண்டு விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அஸ்தம்பட்டி வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தங்கை மதிப்பெண் பதிவேட்டைப் பார்த்து வாசிக்க, நான் கோடு போட்ட தாளில் எழுதிக்கொண்டு போனேன். அவளுடைய பத்தாம் வகுப்பில் நாற்பத்தாறு பேர். கணக்கில் நாற்பதுக்குக் கீழே எடுத்தவர்கள் மட்டும் பட்டியலுக்கு வந்தார்கள். பதினேழு பேர் சேர்ந்தார்கள். பதினொன்றாவதாக ஒரு பெண்ணின் பெயரை எழுதி, எதிரே முப்பத்தாறு என்று போட்டேன். என் கையெழுத்து தங்கையினுடையதைவிடத் தெளிவாக இருக்கும் என்பதால் இந்த வேலை ஆண்டுதோறும் என்னிடம் வரும்.

தங்கை, சங்ககிரியிலிருந்து திருச்செங்கோட்டுப் பக்கமாக உள்ளே போகும் ஒரு சாலையில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கு நடத்துகிறாள். நான் சேலத்தில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வந்தவள். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் காலை ஆறே முக்காலுக்குப் பஸ் ஏறிப் போய், மாலை ஏழு மணிக்கு விடைத்தாள் கட்டோடு திரும்பி வருவாள். அவள் திருத்தும்போது எதிரே உட்கார்ந்து காய் நறுக்குவதும் கூட்டல் சரிபார்ப்பதும் என் வழக்கம்.

பட்டியலுக்குக் கல்வி அலுவலகம் வைத்த பெயர் ‘மெல்லக் கற்போர்’. பிள்ளைகள் வைத்த பெயர் ‘மினிமம்’. பொதுத்தேர்வுக் கணக்குத் தாளில் நூறு மதிப்பெண். தேர்ச்சிக்கு முப்பத்தைந்து போதும். அதில் எட்டு மதிப்பெண் கேள்வி இரண்டு வரும். ஒன்று அளவுகோலும் காம்பஸும் வைத்து வரையும் வடிவியல், இன்னொன்று வரைபடம். அந்த இரண்டையும், பதினான்கு ஒரு மதிப்பெண் கேள்விகளையும், சில இரண்டு மதிப்பெண் கேள்விகளையும் மனப்பாடமாகப் போட்டுவிட்டால் பிள்ளை தப்பித்துவிடும். அதற்கென்று முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் உண்டு. பட்டியலில் பெயர் வந்த நாளிலிருந்து பாடப் புத்தகம் பைக்குள் போய்விடும், அந்தச் சிறு புத்தகம் வெளியே வரும். மற்றவர்கள் வகுப்பறையில் இருக்க, பதினேழு பேரும் ஆய்வகத்தின் தாழ்வாரத்தில் வட்டம் வரைந்துகொண்டிருப்பார்கள். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் எத்தனையோ பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பைத் தாண்ட வைத்தது இந்தத் தாழ்வாரம்தான்.

தாழ்வாரத்துக்குப் போகும் வழியில் மற்ற பையன்கள் சொல்வது எனக்குத் தங்கை மூலம் தெரியும். “டேய், மினிமம் ரீசார்ஜ் எல்லாம் வருதுடா, வழி உடுங்கடா. இன்கமிங் மட்டுந்தான், அவுட்கோயிங் இல்ல.” அவள் இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். பையன்களைக் கண்டித்தேன் என்றும் சொல்வாள். இரண்டுமே உண்மையாக இருக்கும்.

பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் அவள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று பேச ஆரம்பித்தாள். பதினொன்றாவது பெண், கொடுத்த வடிவியலையும் வரைபடத்தையும் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு, பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

“மிச்சமெல்லாம் எப்பங்க டீச்சர் நடத்துவீங்க?”

“உனக்கு இது போதும் சாமி. இதையே நல்லாப் போட்டுப் பழகு.”

“எனக்குப் போதாதுங்களே. டவுன் ஸ்கூல்ல கணக்கு குரூப்பு கேட்டா, அறுவது இருந்தாத்தான் குடுப்பாங்களாமா. இதை மட்டும் வச்சுட்டு நானு எப்புடியுங்க அறுவது வாங்கறது?”

பெண்ணுக்குப் பதினொன்றாம் வகுப்பில் கணக்கும் கணினியும் சேர்ந்த பிரிவு வேண்டும். அவளுடைய அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அடுக்குகிறவர். அப்பா சங்ககிரியில் ஒரு லாரியின் ஓட்டுநர். மாதத்தில் ஆறேழு நாள் வீட்டில் இருப்பார். பண்ணை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு பெண் வேலை பார்ப்பதை இவள் சின்ன வயதிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அந்த நாற்காலிக்குப் போக எந்த குரூப் வேண்டும் என்று விசாரித்தும் வைத்திருக்கிறாள். இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்தவை. அன்று தங்கைக்குத் தெரிந்தது, பட்டியலில் இருக்கும் வரை அந்தப் பெண்ணுக்கு அந்தப் பிரிவு கிடைக்காது என்பது மட்டும்தான்.

“ஆசைப்படுறா. பாவமா இருக்கு. ஆனா கணக்கு வர்ற புள்ளைக்குத்தான் வரும்க்கா. எத்தனை வருஷமா பார்க்கறேன்.”

காலாண்டு விடைத்தாள் கட்டு இன்னும் வீட்டில்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரு மதிப்பெண் கேள்விகளும் இரண்டு மதிப்பெண் கேள்விகள் சிலவும் எழுதியிருந்தாள். வடிவியலில் எட்டுக்கு எட்டு. வரைபடத்தில் எட்டுக்கு எட்டு. கோடுகள் அச்சடித்ததுபோல் இருந்தன. ஐந்து மதிப்பெண் பகுதியில் கேள்வி எண்களை மட்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டு, எதுவும் எழுதாமல் தாளைக் கட்டியிருந்தாள். தப்பாக எழுதிய கணக்கு ஒன்றுகூட இல்லை.

“இதெல்லாம் இவளுக்கு யாராவது நடத்தியிருக்காங்களா?” என்று கேட்டேன்.

“கொரோனால பள்ளிக்கூடம் மூடியிருந்த வருஷம் ஊட்ல ஒரே ஃபோனு, அதுவும் அப்பா கூட லாரில போயிரும்னு சொன்னா. அதுல ரெண்டு வருஷம் போச்சு. எட்டாவதுலேயே இந்த லிஸ்ட்ல வந்துட்டா. ஒன்பதாவதுலயும் மினிமம்தான்.”

“ஒன்பதாவதுல யார் கணக்கு?”

தங்கை விடைத்தாளை என் கையிலிருந்து வாங்கிக் கட்டில் வைத்தாள். ஒன்பதாவதிலும் அவள்தான்.

சாப்பிடும்போது, “அப்ப வராதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த நாள் பதினேழு பேரிடமும் சொன்னாள்: சிறு புத்தகத்தை விடாமல், அதோடு முழுப் பாடமும் படிக்க விருப்பமுள்ளவர்கள் மாலை நாலரைக்கு மேல் இருக்கலாம். நான்கு பேர் இருந்தார்கள். தீபாவளிக்குள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருவன் மாலையில் தறிப்பட்டறைக்குப் போக வேண்டியவன். இன்னொருத்தி தனக்குச் சின்னப் புத்தகமே போதும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். எல்லோரும் எழுந்து வந்தார்கள் என்று எழுதினால் அது பொய்.

மாலை வகுப்பில் வைத்த முதல் தேர்வில் பதினொன்றாவது பெண் ஐம்பதுக்கு ஒன்பது எடுத்தாள். தங்கை அந்த ஒன்பதைப் போட்டுவிட்டு, சிவப்புப் பேனாவைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். “இதைக் குடுத்தா நாளைக்கு வர மாட்டாக்கா.”

அப்போது நான் சொன்னது பெரிய யோசனை ஒன்றும் இல்லை. எங்கள் வேலையின் சாதாரண வழக்கம். பக்கம் தயாரானதும் ஏ3 தாளில் முதல் புரூஃப் எடுப்போம். அதில் எத்தனை பிழை இருந்தது என்று யாரும் எண்ணுவதில்லை. எழுதியவரைக் கூப்பிட்டுத் திட்டுவதும் இல்லை. பிழை இருக்கும் என்பதற்காகத்தான் அதையே எடுக்கிறோம். திருத்தி இரண்டாவது எடுப்போம், தேவைப்பட்டால் மூன்றாவது. அச்சில் வந்த பிறகு பிழை இருந்தால்தான் விசாரணை.

“நாங்க முதல் புரூஃபுக்கே மார்க் போட்டு, அதைக் கூட்டி, வீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்றோம்,” என்றாள் தங்கை.

இதற்காக அவள் என்னைப் புகழ்ந்ததாக ஒன்றும் இல்லை. “சரி, ஒன்பதை அடிச்சுட்டேன்” என்று மட்டும் சொன்னாள். மதிப்பெண்ணை அடித்துவிட்டு, தாளின் தலையில் ‘முதல் புரூஃப்’ என்று எழுதினாள். அதன்பின் ஒரு மணி நேரம் ஒவ்வொரு வரியாகத் திருத்தினாள். விட்டுப்போன படிகளை எழுதினாள், அம்புக்குறி போட்டாள், ஓரத்தில் சரியான வழியை முழுவதும் எழுதினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்பாகச் செய்கிறாள் என்று நினைத்தேன், எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை சிறப்பு வகுப்புக்கு நானும் அவளோடு போனேன். புரூஃப் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குக் காட்ட, பழைய தாள்கள் சிலவற்றை எடுத்துப் போயிருந்தேன். பதினொன்றாவது பெண்ணை அன்றுதான் நேரில் பார்த்தேன். ஒல்லி, எண்ணெய் வழிய வாரிய இரட்டைச் சடை, பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தை நேராகப் பார்ப்பாள். தன் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க டீச்சர், இது எம் பேப்பருங்களா, உங்க பேப்பருங்களா?”

“உன்னுதுதான் சாமி.”

“உங்க எழுத்துதானுங்க ஜாஸ்தி இருக்குது. நானு எங்கயாவது கீழ கெடக்கறேனுங்களான்னு தேடிட்டு இருக்கறேன்.”

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள், ஆனால் முகம் சிவந்துவிட்டது. நான் கொண்டுபோயிருந்த புரூஃபை அந்தப் பெண் வாங்கிப் பார்த்தாள். எங்கள் புரூஃபில் பிழை உள்ள வரிக்கு எதிரே ஓரத்தில் ஒரு குறி இருக்கும், அவ்வளவுதான். செய்தியின் மேல் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். “இது மாதிரி போட்டா நானே கண்டுபுடிச்சுக்குவனுங்க டீச்சர்,” என்றாள்.

அதிலிருந்து தங்கை சிவப்புப் பேனாவை விட்டாள். தப்பு இருக்கும் வரிக்கு எதிரே ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. என்ன தப்பு என்று சொல்வதில்லை. பிள்ளை அந்த வரியைப் பார்த்துக் கண்டுபிடித்து, திருத்தி, இரண்டாம் புரூஃப் தர வேண்டும். புள்ளி இல்லாத தாள் வந்த பிறகுதான் மதிப்பெண். ஒரு கணக்குக்கு அந்தப் பெண் ஐந்து முறைகூடத் தாள் கொடுத்திருக்கிறாள். ஐந்தாவது முறை கொடுக்கும்போது, “டீச்சர், அஞ்சாம் பதிப்பு” என்று சொல்லிக் கொடுத்ததாகத் தங்கை வந்து சொன்னாள். அந்தப் பழக்கம் தாழ்வாரத்தைத் தாண்டி வகுப்பறைக்கும் போனது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் முதலில் முரண்டு பிடித்தார்கள். தொண்ணூறு வாங்கியே பழகியவர்களுக்கு, மார்க் இல்லாமல் புள்ளி மட்டும் வந்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தலைமை ஆசிரியருக்கு வேறு சிக்கல். ஐம்பத்தேழு வயது, தமிழ் படித்தவர், எல்லோரையும் சாமி என்பார், ஆசிரியர்களை மட்டும் வாங்க போங்க. மாதாந்திரத் தேர்வு மதிப்பெண்ணை அவர் இணையத்தில் ஏற்ற வேண்டும்.

“ஏனுங்க டீச்சர், மார்க்கு இல்லாத பேப்பரை நானு எந்தக் கட்டத்துலீங்க ஏத்தறது?”

“திருத்தத்தில் இருக்குதுன்னு போட முடியாதுங்களா சார்?”

“அப்படியொரு கட்டம் மேல யாரும் வெக்கலீங்களே. ஆப்சென்ட்டுன்னு ஒரு கட்டம் இருக்குது, போட்டுடட்டுங்களா? நாப்பத்தாறு பேரும் ஆப்சென்ட்டுன்னு போனா, ஸ்கூலு எங்க போச்சுன்னு நேர்ல தேடிட்டு வந்துருவாங்க.”

கடைசியில், மாதம் முடிவதற்குள் யார் எத்தனை புரூஃப் கொடுத்திருந்தாலும், கடைசித் தாளின் மதிப்பெண்ணை ஏற்றுவது என்று முடிவானது. அவர் தங்கையிடம் ஒரு நிபந்தனை வைத்தார். அரையாண்டுத் தேர்வு வரை பார்ப்போம். அதில் அந்தப் பெண் தேறவில்லை என்றால் மறுபடியும் சின்னப் புத்தகம்தான். போன ஆண்டு ஒரு பிள்ளை கணக்கில் தவறியதற்கு அவர் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொன்னவர். அவர் பயம் வெறும் பிடிவாதம் இல்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை நடந்ததையும் நான் பார்த்தேன். நூறுக்கும் இருநூறுக்கும் இடையில் ஏழால் வகுபடும் எண்கள் எத்தனை என்பது கணக்கு. முதல் எண் நூற்றைந்து, கடைசி எண் நூற்றுத் தொண்ணூற்றாறு. இரண்டையும் வைத்துச் சூத்திரத்தில் போட்டால் பதினான்கு வரும். விடைக்குறிப்பில் அந்த வழிதான் இருக்கிறது. அந்தப் பெண் பதினைந்து, இருபத்தெட்டு என்று இரண்டு எண்களை எழுதி, அடுத்த வரியில் பதினான்கு என்று முடித்திருந்தாள். தங்கை அந்த வரிக்கு எதிரே புள்ளி வைத்தாள். பெண் தாளை எடுத்துப்போய்ப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

“இந்த வரி சரிதானுங்க டீச்சர்.”

“விடை சரி சாமி. வழி எங்க? பதினஞ்சு எங்கிருந்து வந்துச்சு? பக்கத்துல பார்த்தியா?”

“யாரைப் பாக்கறதுங்க, அவன் இன்னும் தலைப்பே எழுதலீங்க.” பக்கத்திலிருந்த பையன் “ஏய்!” என்றான். அவள் அவனைக் கவனிக்கவில்லை. “நூத்தஞ்சுங்கறது பதினஞ்சாவது ஏழுங்க. நூத்தித்தொண்ணூத்தாறு இருபத்தெட்டாவது ஏழு. பதினஞ்சாவது முட்டை ட்ரேயில இருந்து இருபத்தெட்டாவது ட்ரே வரைக்கும் எறக்குனா எத்தனை ட்ரே எறக்கிருப்பமுங்க? பதினாலு. எங்கம்மா ஊட்ல சும்மாவே சொல்லிரும்.”

தங்கை தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு கரும்பலகைக்குப் போய் அதே வழியில் வேறொரு கணக்கைப் போட்டுப் பார்த்தாள். அதுவும் வந்தது. ஒரு பையன் மெல்ல, “டீச்சருக்குப் புள்ளி” என்றான். நான் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தில் இப்படி ஒரு நொடி எத்தனையோ முறை வந்திருக்கும். அப்போதெல்லாம் ‘சரி சரி, ஆனா பரீட்சையில் புக்ல இருக்கற மாதிரியே போடு’ என்று முடித்துவிடுவாள். அதை வீட்டில் என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

அன்று அவள் புள்ளியை ரப்பரால் அழித்தாள். “நான் ஆன்சர் கீயைப் பார்த்தேன், உன் கணக்கைப் பார்க்கல. தப்பு என்மேலதான்,” என்றாள். பிறகு அந்தப் பையனைப் பார்த்து, “சும்மா சொன்னாப் போதுமா? வந்து போடு,” என்று சாக்பீஸை நீட்டினாள். அவன் எழுந்து வந்து, அவள் பலகையில் எழுதியிருந்ததன் ஓரத்தில் பவ்வியமாக ஒரு புள்ளி வைத்துவிட்டு ஓடிப்போனான். அன்றிலிருந்து பலகையில் அவள் எழுதுவதில் தப்பு இருந்தால் யார் வேண்டுமானாலும் வந்து புள்ளி வைக்கலாம் என்றானது. முதல் வாரத்தில் ஆறு வைத்தார்களாம். நான்கு வேண்டுமென்றே வைத்தது. இரண்டு உண்மையான தப்பு.

அரையாண்டுத் தேர்வில் அந்தப் பெண் எடுத்தது முப்பத்து மூன்று.

தங்கை இரண்டு முறை கூட்டினாள். நான் ஒருமுறை கூட்டினேன். முப்பத்து மூன்றுதான். தலைமை ஆசிரியர் சத்தம் போடவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, “காலாண்டுல முப்பத்தாறு எடுத்துத் தேறுன புள்ளைய, நீங்க சொல்லிக் குடுத்துப் பெயிலாக்கிட்டீங்களே டீச்சர்,” என்று மட்டும் சொன்னாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“திரும்ப சின்னப் புக்கையே குடுத்துடலாமாக்கா? அந்தப் புள்ளை முப்பத்தஞ்சாவது வாங்கியிருப்பா. நான் என் நிம்மதிக்காகப் பண்றேனோ?”

நான் அந்தத் தாளைக் கட்டுக்குள் திரும்ப வைத்தேன்.

பெண் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை, நானும் போயிருந்தேன். அம்மாவோடு வந்தாள். அம்மா பண்ணை வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

“பழையபடி அந்தச் சின்னப் பொஸ்தகத்தையே குடுத்துருங்க டீச்சர். பாஸானாப் போதுமுங்க. பெயிலாயிட்டான்னு நாலு வீட்ல பேசறாங்க. நம்மளுக்கெதுக்குங்க இந்தக் கணக்கெல்லாம்?”

“ட்ரே கணக்கை இவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானாமே,” என்றாள் தங்கை.

“அது கணக்குங்களா? அது முட்டைங்க.”

தங்கை பெண்ணைப் பார்த்தாள். “நீ சொல்லு சாமி. உனக்கு எது வேணுமோ அதைப் பண்ணலாம்.”

பெண் தாழ்வாரத்துத் தூணை விரல் நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள். “எனக்கு வராம இல்லீங்க டீச்சர். நேரம் பத்தலீங்க. அஞ்சு மார்க் கணக்குலயே உக்காந்துட்டேன். ஒண்ணு வரலீன்னா உட மனசு வரலீங்க. கிராஃப் ஆரம்பிக்கறப்ப பெல்லு அடிச்சுட்டாங்க.”

நானும் தங்கையும் விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தோம். அவள் சொன்னது அப்படியே இருந்தது. ஐந்து மதிப்பெண் கணக்குகளில் நான்கைத் தொட்டிருந்தாள், மூன்று முழுச் சரி. காலாண்டில் வெறுமையாகக் கிடந்த அதே பகுதி. வடிவியல் பாதியில் நின்றிருந்தது, வரைபடத்தில் இரண்டு கோடுகள் போட்டதோடு சரி. அந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவள், தெரிந்ததைக் கடைசிக்கு வைத்துவிட்டுத் தெரியாததோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். நாங்கள் இருவரும் மதிப்பெண்ணை மூன்று முறை கூட்டினோமே தவிர, எது எங்கே போனது என்று பார்க்கவில்லை. நாற்பத்தொரு ஆண்டு அனுபவம் இருவருக்கும் சேர்த்து.

தங்கை தாளை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பேசியது காதில் விழுந்தது. அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். தமிழ் ஆசிரியர், கணக்குப் புரிந்திருக்காது. ஆனால் எழுதிய பக்கத்துக்கும் எழுதாத பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர் இல்லை.

“மூணு மாசந்தானுங்க இருக்குது.”

“தெரியுங்க சார். நேரம் வச்சு எழுதப் பழக்கறேன். கிராஃபும் ஜியாமெட்ரியும் முதல் அரை மணியில் முடிச்சுட்டு மத்தது.”

“பெயிலாச்சுன்னா?”

“நான் பதில் சொல்லிக்கறேன் சார்.”

“வாய்ல சொன்னாப் பத்தாதுங்க. எழுதிக் குடுங்க.”

அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். இந்த மாணவி முழுப் பாடமும் படிப்பார், முடிவுக்குக் கணக்கு ஆசிரியையாகிய நானே பொறுப்பு. அவர் படித்தார். பேனாவை எடுத்து ‘கணக்கு ஆசிரியையாகிய நானே’ என்பதை அடித்துவிட்டு ‘பள்ளியே’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். “போங்க டீச்சர். பெல் அடிக்கற நேரம்,” என்றார்.

பிறகு மூன்று மாதம். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அலைபேசியில் நேரம் வைத்து, வாரம் ஒரு முழுத் தாள். முதல் முறை முப்பத்தெட்டு, அடுத்து நாற்பத்தொன்று, அடுத்து மறுபடி முப்பத்தேழு, பிறகு நாற்பத்தொன்பது. ஏறிக்கொண்டே போகவில்லை. முப்பத்தேழு வந்த வாரம் தங்கை இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றாள். அந்தப் பெண் மறுநாள் காலை ஏழரைக்கே வந்து, பூட்டிய வகுப்பறை வாசலில் உட்கார்ந்து, போன தாளைத் திருத்திக்கொண்டிருந்தாளாம். வராத கணக்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் அவளுக்குக் கடைசிவரை கஷ்டமாக இருந்தது. “பாதில உட்டா மனசு கேக்கலீங்க டீச்சர்.” “பரீட்சை முடிஞ்சதும் உக்காந்து போடு சாமி, யார் வேண்டாங்கறா,” என்பாள் தங்கை.

பொதுத்தேர்வு முடிவு மே மாதம் வந்தது. பத்திரிகையில் இருந்த காலத்தில், முடிவு வரும் நாளில் முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு அம்மா இனிப்பு ஊட்டும் படத்துக்குத் தலைப்பு வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று நானும் தங்கையும் ஒரே அலைபேசித் திரையில் தலையை முட்டிக்கொண்டு ஒரு பதிவெண்ணை அடித்தோம். கணக்கில் ஐம்பத்தேழு. பட்டியலில் இருந்த மற்ற பதினாறு பேரும் தேறினார்கள். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் தாழ்வாரத்தின் வழியில், மாலை வகுப்பில் கடைசிவரை இருந்த இன்னொருவன் ஐம்பத்திரண்டில். தலைமை ஆசிரியர் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கினார். தங்கை ஐம்பத்தேழையே பார்த்துக்கொண்டிருந்தாள். டவுன் பள்ளி கேட்பது அறுபது.

சேர்க்கை நாளில் நாங்களும் போனோம். அப்பா வடக்கே லோடு ஏற்றிப் போயிருந்தார். அம்மா பண்ணையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். டவுன் பள்ளியில் வரிசை படிக்கட்டு வரை நின்றது. பெற்றோர் ஒருவரும் பிள்ளையும் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றார்கள். தங்கையும் நானும் ஜன்னல் பக்கம் நின்றோம். உள்ளே இருந்தவர் கணக்கு முதுகலை ஆசிரியர், வழுக்கைத் தலை, நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“கணக்குல அம்பத்தேழு. கணக்கு-கம்ப்யூட்டர் குரூப்புக்கு அறுபதுன்னு வச்சிருக்கோம்மா. வணிகவியல் எடுத்துக்க. அதுலயும் கம்ப்யூட்டர் வருது. இந்தக் கணக்கு உனக்குக் கஷ்டமா இருக்கும்.”

அம்மா, “சரிங்க சார்,” என்றார். பெண் நகரவில்லை.

“சார், நானு அரையாண்டுல முப்பத்திமூணுங்க. பெயிலுங்க.”

அம்மா அவள் முழங்கையைக் கிள்ளினார். “அதை எதுக்குடி இங்க சொல்ற!” சேர்க்கை வரிசையில் நின்று யாரும் தான் தவறியதைத் தானே எடுத்துச் சொல்ல மாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே என் தங்கை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சொல்லோணும்மா. டிசம்பர்ல முப்பத்திமூணுங்க சார். ஏப்ரல்ல அம்பத்தேழு. அதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் எனக்கு முழுப் பாடம் யாரும் நடத்தலீங்க. இங்க நீங்க நடத்துவீங்கல்லங்க?”

அவர் மதிப்பெண் பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பின்னால் நின்ற ஒரு தகப்பனார் பொறுமையில்லாமல் செருமினார்.

“நடத்தறது என் வேலைம்மா. உனக்கு வரலைன்னா?”

“வரலீன்னா வந்து கேப்பனுங்க சார். நெறையாக் கேப்பேன். அது மட்டும் நீங்க பொறுத்துக்கோணும்.”

“எத்தனை தடவை கேப்ப?”

“அஞ்சு தடவைக்குள்ள முடிச்சுக்குவனுங்க.”

அவர் சிரித்துவிட்டார். விண்ணப்பத்தைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றி, பிரிவு என்ற இடத்தில் எழுதினார். மேலே ஒரு வார்த்தையும் கீழே ஒரு வார்த்தையும் எழுதினார். ஜன்னலிலிருந்து எனக்குப் படிக்க முடியவில்லை. பெண் தலைகீழாகவே படித்துவிட்டாள்.

“கணக்கு-கம்ப்யூட்டருன்னு எழுதி, கீழ தற்காலிகம்னு போட்டுருக்கறீங்க சார்.”

“முதல் பரீட்சை வரைக்கும்.”

“அது எப்பங்க?”

“ஆகஸ்ட்டு.”

பெண் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். “நேரம் பத்துமுங்க,” என்றாள். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குனிந்து, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.